கூடமும் கோணல்தான், சில சமயம்

நீச்சல்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு பயிற்சியாளரின் பதில்கள்

வேகம் வரவில்லை என்ற புகார்தான் இந்த முறை கடிதங்களில் அதிகம். கை வலுவைக் கூட்டுவது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். தண்ணீர் தங்களை எந்த இடத்தில் பிடித்து இழுக்கிறது என்று கேட்பவர்கள் சிலர்தான். நீளமான கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன். நீந்தும் முறை பற்றிய பதில்கள் எல்லாமே ஃப்ரீஸ்டைலுக்கானவை, அதாவது குப்புறப் படுத்துக் கைகளை மாற்றி மாற்றி வீசி நீந்தும் முறைக்கு.

எனக்கு 38 வயது. ஜிம்முக்குத் தவறாமல் போகிறேன். தோளும் கையும் நல்ல வலு. ஆனால் பக்கத்து லேனில் நீந்தும் பெரியவர் ஒருவர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் என்னைத் தாண்டிப் போகிறார். என் கால்கள் தாழ்ந்துபோகின்றன என்று கரையிலிருந்து பார்க்கும் மனைவி சொல்கிறாள். இன்னும் எந்தத் தசைக்குப் பயிற்சி தர வேண்டும் மேடம்?

எந்தத் தசைக்கும் வேண்டாம். உங்கள் மனைவி சரியாகத்தான் பார்த்திருக்கிறார். அவரையே கோச்சாக வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. அதில் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் எதிர்ப்பு சுமார் நான்கு மடங்காகும். அதைச் சமாளிக்க ஒவ்வொரு நொடியும் செலவாகும் ஆற்றல் எட்டு மடங்கு. ஆகவே கை வலுவைக் கூட்டிக் கூட்டி வேகத்தை வாங்குவது நஷ்ட வியாபாரம். எதிர்ப்பைக் குறைத்தால் அதே வலு இன்னும் தூரம் கொண்டுபோகும். பக்கத்து லேன் பெரியவர் செய்வது அதைத்தான்.

கால் ஏன் தாழ்கிறது? நம்மை மிதக்க வைப்பதில் பெரும்பங்கு நுரையீரலில் இருக்கும் காற்றுக்கு. அது நெஞ்சுக்குள் இருக்கிறது. உடம்பின் எடை மையமோ அதைவிடக் கீழே, இடுப்புப் பக்கம் இருக்கிறது. மேலே தூக்கும் விசை ஓரிடத்தில், கீழே இழுக்கும் விசை வேறிடத்தில். அதனால் சும்மா கிடந்தாலே கால் மெல்ல இறங்கும். கொழுப்பு குறைந்து தசை ஏறிய ஆண்களுக்கு இது இன்னும் அதிகம். பெண்களுக்குப் பொதுவாக இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு கொஞ்சம் கூடுதலாக இருப்பதால் கால் சுலபமாக மேலே நிற்கும். அந்தக் கொழுப்புக்கு மரியாதை கிடைக்கும் ஒரே இடம் நீச்சல் குளம்தான்.

இந்த நிலையில் நீங்கள் தலையை நிமிர்த்தி எதிர்ச் சுவரைப் பார்த்தால் போச்சு. சீசா பலகை மாதிரி, இந்த முனை ஏறினால் அந்த முனை இறங்கும். இடுப்பு தாழும், தொடை இரண்டும் தண்ணீருக்குக் குறுக்கே நிற்கும். அதை மேலே கொண்டுவரப் பலமாகக் கிக் அடிப்பீர்கள். தொடைத் தசை பெரியது, ஆக்ஸிஜனை அள்ளிக் குடிக்கும். 25 மீட்டர் போவதற்குள் மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினால் காற்றுக்காகத் தலை இன்னும் மேலே போகும். இப்படியே சுற்றிச் சுற்றி வரும்.

என் மாணவர்கள் எனக்குப் பின்னால் 'பிடரி மேடம்' என்று பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். கரையில் நின்று நான் முதலில் பார்க்கும் இடம் அதுதான். பிடரியில் தோல் மடிந்து சுருக்கம் விழுந்தால், கண் முன்னால் போயிருக்கிறது என்று அர்த்தம். சுருக்கம் இல்லாமல் பிடரி நீண்டு, தண்ணீர் அதன் மேல் ஏறி இறங்கினால் தலை சரியாக இருக்கிறது. கண் தரையைப் பார்க்கட்டும்: நேர் கீழே, அல்லது ஓரிரு அடி முன்னால், அவ்வளவுதான். அதற்காக மோவாயை நெஞ்சோடு ஒட்டவைக்கவும் வேண்டாம். அப்படிச் செய்தால் கழுத்தும் தோளும் இறுகி, மூச்சுக்குத் திரும்புவதே சிரமமாகிவிடும்.

அடுத்தது முன்னால் நீட்டிய கை. ஒரு கை இழுத்து முடித்து மேலே வரும்வரை மற்றக் கை அவசரப்படாமல் முன்னால் நீண்டிருந்தால், உடம்பின் எடை கொஞ்சம் தலைப் பக்கம் நகரும். கால் தானாக லேசாகும். வலுவுள்ளவர்கள் இங்கேதான் பொறுமை இழக்கிறார்கள். கை தண்ணீரைத் தொட்டதுமே கீழே அமுக்குகிறார்கள். கீழே அமுக்கினால் உடம்பு மேலே எழுமே ஒழிய முன்னால் போகாது. முழங்கையை உயரத்தில் வைத்து, முன்கையும் உள்ளங்கையும் பின்பக்கத்தைப் பார்க்கும்படி திருப்பி, அப்புறம் இழுக்க வேண்டும். கை உள்ளே இறங்கும் இடம் தோளுக்கு நேரே இருக்கட்டும். தலைக்கு முன்னால் குறுக்கே போனால் இடுப்பு எதிர்ப்பக்கம் வளையும்; நீங்கள் நேராகப் போவதாக நினைத்துக்கொண்டு நெளிந்து நெளிந்து போவீர்கள்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி. இரண்டு கைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக முன்னால் நீட்டி, சுவரைக் காலால் தள்ளிவிட்டு, கிக் அடிக்காமல் மிதந்து போங்கள். ஒரு முறை எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒரு முறை தரையைப் பார்த்துக்கொண்டு. கால் எந்த இடத்தில் தாழத் தொடங்குகிறது என்று மனைவி கரையில் நடந்து வந்து பார்க்கட்டும். முடிந்தால் மொபைலை நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பக்கவாட்டில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மேலிருந்து எடுத்தால் எல்லாரும் அழகாகத்தான் தெரிவார்கள்.

இரண்டு தொடைக்கு நடுவில் 'புல் பாய்' என்னும் நுரை மிதவையை வைத்து நீந்தினால் நன்றாக வேகம் வருகிறது. எடுத்துவிட்டால் போய்விடுகிறது. ஏன்?

காலை அது தூக்கிப் பிடிக்கிறது, அதனால்தான். கிக்கே இல்லாமல் வேகம் கூடுகிறது என்றால் உங்கள் நோய் கையில் இல்லை, இடுப்பில் இருக்கிறது என்று அந்த மிதவையே சொல்லிவிட்டது. முதல் பதிலைப் படியுங்கள். புல் பாயோடு இரண்டு சுற்று, அதே இடுப்பு உயரத்தை நினைவில் வைத்து அது இல்லாமல் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றிப் போங்கள். பயிற்சி முழுக்க அதை வைத்துக்கொண்டே நீந்துவது ஊன்றுகோலோடு ஓட்டப் பயிற்சி எடுக்கிற கதை.

எனக்கு 42 வயது, போன வருடம்தான் நீந்தக் கற்றேன். மூச்சு எடுக்காமல் போகும்வரை நன்றாகப் போகிறேன். மூச்சுக்குத் திரும்பியதும் மூழ்குவது போலாகிவிடுகிறது. பாதி நேரம் வாய்க்குள் தண்ணீர்.

உங்களைப் போலத் தாமதமாகக் கற்றவர்களில் நிறையப் பேர் இங்கே வந்து நின்றுவிடுகிறார்கள், சகோதரி. இரண்டு விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, நீங்கள் தலையைத் தூக்குகிறீர்கள், திருப்பவில்லை. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் தலைக்கு முன்னால் ஒரு சின்ன அலை எழும்பும். அதற்குப் பின்னால், கன்னத்தை ஒட்டி, நீர்மட்டம் கொஞ்சம் பள்ளமாக இருக்கும். காற்று அந்தப் பள்ளத்திலேயே கிடைக்கும். நீச்சல் கண்ணாடியின் ஒரு கண் தண்ணீருக்குள், ஒரு கண் வெளியே; வாயின் மேல் ஓரம் மட்டும் வெளியே வந்தால் போதும். தலை மட்டும் தனியாகத் திரும்பினால் கழுத்துதான் வலிக்கும். தோளும் இடுப்பும் சேர்ந்து உருண்டால் தலை கூடவே வரும். மெதுவாகப் போகும்போது அந்தப் பள்ளம் ஆழமாக இருக்காது என்பதால், புதிதாகக் கற்பவர்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக உருளலாம், தவறில்லை.

இரண்டு, திரும்பும்போது முன்னால் நீண்டிருக்கும் கை என்ன செய்கிறது? பெரும்பாலும் பயத்தில் அது கீழே அமுக்கிவிடும். உடம்பைத் தாங்கிக்கொண்டிருந்த கை போய்விட்டால் நீங்கள் மூழ்காமல் வேறென்ன செய்வீர்கள்? மூச்சு எடுத்து முகம் உள்ளே போகும்வரை அந்தக் கை நீண்டபடியே இருக்கட்டும்.

அப்புறம், மூச்சை உள்ளே அடக்கி வைக்காதீர்கள். முகம் தண்ணீருக்குள் இருக்கும் நேரமெல்லாம் மூக்கு வழியாக மெதுவாக விட்டுக்கொண்டே இருங்கள். திணறல் வருவது காற்று போதாமல் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் உள்ளே சேர்ந்த கரியமில வாயு வெளியே போகாததால் வருவது அது. வெளியே வந்த பிறகு விட்டு, பிறகு இழுப்பதற்கு அந்த அரை நொடியில் நேரமே கிடையாது.

நாங்கள் பயிற்சி எடுக்கும் குளம் ஆழம் குறைவு. எனக்குக் கிடைப்பது எப்போதும் சுவரோர லேன். அலை முகத்தில் அடிக்கிறது. வேறு குளத்தில் போட்டி நடந்தபோது என் நேரம் நன்றாக வந்தது. குளத்தைச் சொன்னால் கோச் "சாக்கு சொல்லாதே" என்கிறார். குளத்துக்கும் வேகத்துக்கும் தொடர்பே இல்லையா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று உங்கள் கோச் மனதுக்குள் நினைத்திருப்பார். ஆனால் சில சமயம் கூடமும் கோணல்தான்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் உலகமே இந்தப் பேச்சைப் பேசியது. லா டிஃபான்ஸ் அரங்கில் தற்காலிகமாக அமைத்த குளம் அது. ஆழம் சுமார் 2.15 மீட்டர். உலக நீச்சல் அமைப்பான வேர்ல்ட் அக்வாட்டிக்ஸ் பரிந்துரைப்பது 3 மீட்டர். 2008 பெய்ஜிங் குளத்தின் ஆழமும் 3 மீட்டர்தான். பாரிஸில் முதல் நான்கு நாட்கள் ஒரு உலக சாதனையும் விழவில்லை. ஆண்கள் 100 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் (மார்பு நீச்சல்) தங்கம் வென்ற நேரம் 59.03 நொடி, அந்தப் போட்டியின் உலக சாதனையோ 56.88. 'மெதுவான குளம்' என்று எல்லாரும் முடிவு கட்டிய நேரத்தில், ஐந்தாம் நாள் சீனாவின் பான் ஜான்லே 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 46.40 நொடியில் முடித்துத் தன் சாதனையைத் தானே முறியடித்தார். கடைசி நாளில் அமெரிக்காவின் பாபி ஃபிங்க் 1500 மீட்டரில் 14 நிமிடம் 30.67 நொடி, 2012 முதல் நின்ற சாதனை போனது. அதே தண்ணீர்தான்.

ஆழம் என்ன செய்கிறது? நீந்தும்போது கையும் காலும் கிளப்பும் கலக்கம் கீழேயும் போகிறது. தரை கிட்டத்தில் இருந்தால் அது முட்டித் திரும்பி வரும், ஆழத்தில் அடங்கிவிடும். சுவரைத் தள்ளித் திரும்பும் இடத்தில் இதை நன்றாக உணரலாம், ஏனென்றால் நீங்களே கிளப்பிவிட்ட அலைக்குள் நீங்களே திரும்பிப் போகிறீர்கள். ஆழம் குறைந்த குளத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தரையின் ஓடுகள் கண்ணுக்குப் பக்கத்தில் ஓடுவதால் பறப்பது போலத் தோன்றும். கடிகாரம் வேறு சொல்லும்.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தால் ஆழத்தைவிட அலைதான் உங்கள் பிரச்சினை என்று தோன்றுகிறது. குளத்தின் விளிம்பைப் பாருங்கள். தண்ணீர் தரைமட்டம்வரை நிரம்பி விளிம்பில் வழிந்து ஓடுகிறதா, அல்லது சுவர் அரை அடி மேலே நிற்கிறதா? வழிந்து ஓடினால் அலை அதோடு போய்விடும். சுவர் நின்றால் அலை அதில் மோதி உங்கள் முகத்துக்கே வரும். பெரிய போட்டிகளில் பத்து லேன் குளத்தில் எட்டில் மட்டும் நீந்தவிட்டு இரண்டு ஓரத்தையும் காலியாக விடுவது இதற்காகத்தான். தகுதிச் சுற்றில் வேகமாக வந்தவர்களுக்கு நடு லேன் தருவதும் வெறும் கௌரவம் அல்ல.

லேன் கயிற்றையும் கவனியுங்கள். அதில் கோத்திருக்கும் வட்டுகள் சுழன்று அலையை உடைக்க வேண்டும். கயிறு தொய்ந்து கிடந்தால் அது வெறும் எல்லைக்கோடு. முறுக்கிக் கட்டச் சொல்லுங்கள், செலவில்லாத வேலை.

நீரோட்டம் என்று ஒன்றும் இருக்கிறது. 2013 பார்சிலோனா உலக சாம்பியன்ஷிப்பின் நீண்ட தூரப் போட்டி நேரங்களை அலசிய ஆய்வாளர்கள், குளத்தின் ஒரு பக்கத்து லேன்களில் போகும்போது வேகமாகவும் திரும்பும்போது மெதுவாகவும், மறுபக்கத்து லேன்களில் அப்படியே தலைகீழாகவும் நேரம் பதிவானதைக் காட்டினார்கள். உலகப் போட்டிக்கே அப்படி என்றால், தண்ணீரைச் சுத்திகரித்து உள்ளே விடும் குழாய் உங்கள் லேனுக்கு நேராக இருந்தால் கேட்க வேண்டுமா? ஒரே சீராக நீந்தி, போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒரு திசை மட்டும் எப்போதும் வேகம் என்றால், மறு முனையிலிருந்து தொடங்கிப் பாருங்கள். அதே திசை அப்போதும் வேகமாக இருந்தால் ஓட்டம் இருக்கிறது. வேகம் உங்களோடு இடம் மாறினால் களைப்பு.

இன்னொன்றை நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பயிற்சியில் ஒரே லேனில் வரிசையாகப் போகும்போது முன்னால் போகிறவரின் காலுக்குப் பின்னால் ஒட்டிப் போகிறீர்களா? அங்கே எதிர்ப்பு குறைவு, நேரம் நன்றாக வரும். அந்த நேரத்தை உங்கள் கணக்கில் எழுதிக்கொண்டு, தனியாக நீந்தும்போது குளத்தைத் திட்டக் கூடாது. உங்கள் கோச் சொல்லும் சாக்கு இதுவாக இருந்தால் நான் அவர் கட்சி.

வயது 15. 25 மீட்டர் குளத்தில் 100 மீட்டர் நன்றாக வருகிறது. 50 மீட்டர் குளத்தில் சில நொடிகள் கூடிவிடுகின்றன. எது என் உண்மையான நேரம்?

இரண்டுமே, தம்பி. 25 மீட்டர் குளத்தில் 100 மீட்டருக்கு மூன்று முறை திரும்புகிறாய். 50 மீட்டர் குளத்தில் ஒரே முறை. சுவரைத் தள்ளும்போது கிடைக்கும் வேகம் எந்த நீச்சல் வேகத்தையும்விட அதிகம். தண்ணீருக்கு அடியில் போகும்போது அலை எழுப்பும் செலவும் குறைவு. அதனால்தான் 15 மீட்டருக்குள் தலை மேலே வந்துவிட வேண்டும் என்று விதியே வைத்தார்கள். உலக சாதனைகளும் தனித்தனிதான். 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில், 25 மீட்டர் குளத்தில் ஆஸ்திரேலியாவின் கைல் சால்மர்ஸ் 2021இல் வைத்தது 44.84 நொடி, 50 மீட்டர் குளத்தில் பான் ஜான்லேயின் 46.40. உலகிலேயே வேகமானவர்களுக்கும் இடைவெளி இருக்கிறது.

நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பத்தி போட்டுத் தனித்தனியாக எழுது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்காதே. 50 மீட்டர் குளத்தில் ஒன்றை மட்டும் கவனி: கடைசி 15 மீட்டரில் எத்தனை கை போடுகிறாய்? முதல் பாதியில் அதே 15 மீட்டருக்குப் போட்டதைவிட அது தாறுமாறாக ஏறினால், சுவர் கிடைக்காத களைப்பில் இடுப்பு தாழ்ந்துவிட்டது. பயிற்சியின் கடைசியில், களைத்த பிறகு, மெதுவாக, பிடரி நீண்டு நீந்திப் பழகு. புத்துணர்ச்சியோடு இருக்கும்போது எல்லாருக்கும் நன்றாகத்தான் வரும்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் தசை இளகி வேகம் வரும் என்கிறார்களே?

ஒரு சுற்றுக்கு வரும். போட்டிக் குளங்களுக்கு விதி 25 முதல் 28 டிகிரி செல்சியஸ். 30க்கு மேல் போனால் கடுமையாக நீந்துபவரின் உடல் சூடு தண்ணீருக்குள் சுலபமாக இறங்காது. இதயத் துடிப்பு ஏறும், நீண்ட தூரத்தில் துவண்டுபோவீர்கள். தண்ணீருக்குள்ளும் வியர்க்கும், தெரியாது, அவ்வளவுதான். கரையில் குடிநீர் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கும் மெதுவாக நீந்தும் முதியவர்களுக்கும் அந்த வெதுவெதுப்பு நல்லதே. ரொம்பக் குளிர்ந்தாலும் கெடுதல். விரல்கள் விரிந்து இறுகும், மூச்சு மேலோட்டமாகும்.

எங்கள் உள்ளரங்கக் குளத்தில் குளோரின் நெடி தூக்கலாக இருக்கும். சுத்தம் என்று சந்தோஷப்படுவதா? ஆனால் வேகமாக நீந்தினால் இருமல் வருகிறது.

சந்தோஷப்பட ஒன்றுமில்லை. அந்த நெடி பெரும்பாலும் குளோரினுடையது அல்ல. குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாக்கும் குளோரமைன்களுடையது. அவை நீர்மட்டத்துக்குச் சற்று மேலேயே தங்கும், நீந்துபவர் மூச்சு இழுக்கும் அதே இடத்தில். வேகமாக நீந்துபவர் அதிகம் இழுப்பார், இருமுவார். இருமும்போது உடம்பு நீண்டிருக்க முடியுமா? காற்றோட்டத்தைச் சரிசெய்யச் சொல்லி நிர்வாகத்திடம் கேளுங்கள். எல்லாரும் இறங்கும் முன் குளித்துவிட்டு வந்தாலே பாதி குறையும். சிறுநீர் விஷயத்தைப் பெரியவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். இருமல் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கடலில் நீந்தினால் கால் தாழவே இல்லை. குளத்துக்கு வந்தால் பழைய குருடி கதவைத் திறடி.

உப்பு நீர் நல்ல நீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி கூடுதல். அவ்வளவு போதும், இடுப்பு மேலே வர. கடல் உங்களுக்கு இலவசமாகத் தந்ததைக் குளத்தில் தலையை இறக்கி நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டும்.

நண்பர்கள் போட்டிக்கென விலை உயர்ந்த ரேஸிங் உடை வாங்கச் சொல்கிறார்கள். வேகம் கூடுமா?

உடை வேகம் கூட்டியது உண்மை, ஒரு காலத்தில். 2009 ரோம் உலக சாம்பியன்ஷிப்பில் மட்டும் 43 உலக சாதனைகள் விழுந்தன. பாலியூரித்தேன் என்னும் ரப்பர் போன்ற பொருளால் ஆன உடைகள் அப்போது உடம்பை இறுக்கிப் பிடித்து, மிதப்பும் கொஞ்சம் தந்தன. களைத்த பிறகும் இடுப்பு தாழாமல் பார்த்துக்கொண்டன. 2010 ஜனவரியிலிருந்து அவை தடை. துணியால் ஆன உடை மட்டும்தான், ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால்வரை, பெண்களுக்குத் தோளிலிருந்து முழங்கால்வரை. ரோமில் ஜெர்மனியின் பால் பீடர்மன் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் வைத்த 3 நிமிடம் 40.07 நொடி 2025 ஏப்ரல்வரை நின்றது. இன்னொரு ஜெர்மானியரான லூகாஸ் மேர்ட்டன்ஸ் துணி உடையில் அதை 3 நிமிடம் 39.96 ஆக்கினார். உடை செய்த வேலையை உடம்பு செய்ய அத்தனை வருடம் பிடித்தது.

இன்றைய உடைகளிலும் நல்லது, சுமார் என்று உண்டு. நூறில் ஒரு பங்கு நொடிக்குப் போராடுபவர்கள் வாங்கட்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் தொடையில் காற்றுப் பையாக உப்பி நிற்கும் லூஸ் ஷார்ட்ஸில்தான் நீந்துகிறீர்கள். அது உண்மையாகவே இழுக்கும். உடம்போடு ஒட்டிய சாதாரண நீச்சல் உடைக்கு மாறுங்கள். இடுப்புக் கயிற்றை உள்பக்கமாகச் செருகிக்கொள்ளுங்கள்.